மறுகொள்முதல் 31%-இலிருந்து 22% ஆகிவிட்டது, பாயின்ட் திட்டமோ நன்றாக ஓடுகிறது: எதை நம்புவது?

கேள்வி:
ஆன்லைன் பிராண்டு ஒன்றின் கணக்கு. ஒருமுறைக்கு மேல் வாங்கியவர்களை மொத்த வாடிக்கையாளர்களால் வகுக்கிறேன். 4000 பேர் இருந்தபோது 1240 பேர், அதாவது 31%. விளம்பரத்தைக் கூட்டியதில் மூன்றே மாதத்தில் 6000 பேர்; இப்போது 1320, அதாவது 22%. ஆனால் பாயின்ட் திட்டத்தில் (வாங்குவதற்கேற்ப பாயின்ட் தரும் சலுகைத் திட்டம்) சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு வாங்குகிறார்கள். என்பிஎஸ் (எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டுக் கணக்கிடும் அளவு) 52. பழைய வாடிக்கையாளர்கள் விலகுகிறார்களா?

பதில் 1:
இந்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது. இரண்டாம் முறை வாங்கியவர் அதன்பின் எட்டியே பார்க்காவிட்டாலும் அந்த 1240-இல்தான் இருப்பார். மேல் எண் குறைய வழியில்லை. கீழ் எண்ணில் 2000 பேர் சேர்ந்தார்கள், அவர்களில் பலருக்கு மறுபடி வாங்கும் நாளே இன்னும் வரவில்லை. விகிதம் விழுந்தது அதனால்தான்.

முதல் ஆர்டர் மாதவாரியாக ஆட்களைப் பிரியுங்கள். ஓராண்டு பழைய குழுக்களில் முதல் ஆர்டருக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட நாட்களை எடுத்து, திரும்பி வந்தவர்களில் 80% பேர் எத்தனை நாளுக்குள் வந்தார்கள் என்று பாருங்கள். 90 நாள் என்று வந்தால், 90 நாள் முழுதாகக் கடந்தவர்களை மட்டும் எண்ணி மாதத்தோடு மாதம் ஒப்பிடுங்கள். விலகலுக்குத் தனிக் கணக்கு வேண்டும்: இரண்டு முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றாவதுக்கு வந்தார்கள் என்பது.

ரத்தான, திருப்பியனுப்பிய ஆர்டர்களை முதலில் நீக்குங்கள். பழுதான பொருளுக்கு மாற்று அனுப்பும்போது பூஜ்ய விலையில் புது ஆர்டர் விழும். கோபத்தில் இருப்பவரை அது விசுவாசி ஆக்கிவிடும்!

பதில் 2:
அந்த மூன்று மடங்கை நம்பாதீர்கள். அடிக்கடி வாங்குபவர்தான் பாயின்ட்டுக்காகச் சேருவார். பாயின்ட் அவரை வாங்க வைத்தது என்று ஆகாது. புதிதாக வருபவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதிக்குத் திட்டத்தையே காட்டாதீர்கள். காட்டப்பட்ட எல்லோரையும் எண்ணுங்கள், சேர்ந்தவர்களை மட்டுமல்ல. தலைக்கு மொத்த லாபத்தில் பாயின்ட் செலவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
10% பேருக்கு மட்டும் திட்டத்தை மறைத்தால் போதுமா?

பதில் 2:
2000 பேரில் 10% என்றால் 200 பேர்தான். மறுகொள்முதல் விகிதம் 25% அளவில் இருந்தால், இரு பகுதிகளின் வித்தியாசத்தில் தற்செயலாக வரக்கூடிய பிழை வரம்பே சுமார் ±6 சதவீதப் புள்ளி. பாதிக்குப் பாதி பிரித்தால் சுமார் ±4. திட்டம் 3 புள்ளி உயர்த்தினால் இரண்டிலும் உறுதியாகத் தெரியாது. சோதனையை நீட்டி ஆட்களைச் சேர்க்க வேண்டும்.

பதில் 3:
என்பிஎஸ் என்பது 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்தில் 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பது. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மனம் கசந்து போனவர் பெரும்பாலும் பதிலே போடமாட்டார். பணம் கட்டிய பக்கத்திலேயே கேட்டால் பொருளைப் பார்க்காதவரின் மதிப்பெண்தான் கிடைக்கும். கைக்கு வந்து, பயன்படுத்த நாள் கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று: கணக்குத் தொடங்காமல் வாங்குபவர் வேறு மின்னஞ்சலில் வந்தால் இரண்டு புது ஆட்களாகப் பதிவாவார். தொலைபேசி எண்ணை வைத்து இணைத்துவிட்டு மேலே சொன்ன எல்லாவற்றையும் தொடங்குங்கள்.