யு.டி.ஆர். பட்டாவில் 40 சென்ட் குறைகிறது: யாரிடம் முறையிடுவது?

புன்செய்க்காடு:
வணக்கம். என் தாத்தா 1971இல் 1 ஏக்கர் 40 சென்ட் புன்செய் நிலத்தைக் கிரயம் பெற்றார். அன்று முதல் எங்கள் அனுபவத்தில்தான் உள்ளது. யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) கணக்கில் அந்தப் புலம் இரண்டு உட்பிரிவுகளாக்கப்பட்டு, 0.40.5 ஹெக்டேர் (சுமார் 1 ஏக்கர்) தாத்தா பெயரிலும் எஞ்சிய 0.16.0 ஹெக்டேர் (சுமார் 40 சென்ட்) பக்கத்து நிலத்துக்காரர் பெயரிலும் ஏறியிருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், அவருடைய மகன்கள் அதை விலை பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனு, தமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று திரும்பி வந்துவிட்டது. அடுத்து எங்கே செல்வது?

ஓய்வுபெற்ற கணக்கு:
அந்தப் பதில் சரியானதே. கணினியில் ஏற்றியபோது நேர்ந்த எழுத்துப் பிழை என்றால் வட்டாட்சியரே திருத்திவிடுவார். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போதே புகுந்த பிழையைக் கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில்தான் விசாரித்து ஆணையிடுவார்கள். ஆகவே பிழை எந்தக் கணக்கில் முதலில் நுழைந்தது என்பதைக் காட்டுவதே தங்கள் மனுவின் உயிர்.

இணையத்தில் கிடைக்கும் 'அ' பதிவேடு (புல எண்வாரியாகப் பரப்பும் பட்டாதாரர் பெயரும் உள்ள கிராமக் கணக்கு) இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். யு.டி.ஆர். 'அ' பதிவேட்டுக்கும் அதற்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேட்டுக்கும் சான்றிட்ட நகல் பெறுங்கள். யு.டி.ஆர். பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று தனிப் பத்தி உண்டு. பலர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு முந்தைய பதிவேட்டைப் புரட்டினால், புலம் முழுமையாக இருந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்பது தெரிந்துவிடும். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, புலப்படம் ஆகியவற்றையும் இணையுங்கள். பத்திரத்தின் நான்கெல்லை விவரம் புலப்படத்துடன் பொருந்தினால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

வழக்குமன்றத் திண்ணை:
மேலே ஐயா கூறியதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் எதிர்த்தரப்பினர் விசாரணைக்கு வந்து, தங்கள் தந்தைக்கும் அந்த 40 சென்டுக்குப் பத்திரம் உண்டு என்று சொல்லிவிட்டால், அது கணக்குப் பிழை என்ற நிலையைத் தாண்டி உரிமைத் தகராறாகிவிடும். உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு இல்லை. 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் 14ஆம் பிரிவிலேயே, பதிவால் பாதிக்கப்பட்டவர் விளம்புகைப் பரிகாரம் (உரிமை இன்னாருடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) கோரி உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம் என்று கூறுகிறது. பட்டா அவர்கள் பெயரில் இருப்பதாலேயே நிலம் அவர்களுடையதாகிவிடாது.

தங்கள் வழக்கில் என்னை உறுத்துவது விற்பனைப் பேச்சுதான். மூன்றாவது நபர் கைக்கு நிலம் போய்விட்டால் சிக்கல் இரட்டிப்பாகும் என்பதால், வருவாய்த் துறை மனுவின் முடிவுக்குக் காத்திராமல், விளம்புகையுடன் விற்பனைக்கு உறுத்துக்கட்டளையும் (தடையாணையும்) கோருவது பற்றி உடனே வழக்கறிஞரிடம் பேசுங்கள். விளம்புகை வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டுகள். அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

புன்செய்க்காடு:
இருவருக்கும் நன்றி. நிலத்துக்குத் தீர்வை கட்டிய பழைய ரசீதுகள் சில வீட்டில் உள்ளன. அவை பயன்படுமா?

ஓய்வுபெற்ற கணக்கு:
அனுபவத்துக்கு நல்ல துணைச் சான்று. உரிமைக்கு அவை மட்டும் போதா. அந்தந்தப் பசலிக்குரிய (வருவாய்த் துறைக் கணக்காண்டுக்குரிய) அடங்கல், அதாவது சாகுபடிக் கணக்கு, நகலுடன் சேர்த்துக் கொடுங்கள். ரசீதில் பட்டா எண் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.