லுகீமியா வைரஸ் உள்ள பூனைக்குக் கருத்தடை செய்யலாமா?

கேள்வி:
எங்கள் பூனை மிளகுக்கு இரண்டு வயது. போன வாரப் பரிசோதனையில் லுகீமியா வைரஸ் (பூனைகளின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பாசிட்டிவ். இன்னொரு பூனையும் அவனும் ஒரே கிண்ணத்தில்தான் சாப்பிடுவார்கள். பச்சைக் கோழி ஈரல் தவிர எதையும் அவன் மதிப்பதில்லை. கருத்தடை அறுவையைத் தாங்குவானா?

பதில் 1:
பதறாதீர்கள். என் கிழட்டுப் பூனை இதே வைரஸோடு நான்கு வருடமாக என் தலையணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பச்சை ஈரலை இன்றே நிறுத்துங்கள். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பு, பச்சை இறைச்சியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமியைத் தாங்காது. நான் பூனை உணவின் மேல் வெந்த ஈரலைத் துளி தூவி ஏமாற்றினேன். மூன்று நாள் முறைத்துவிட்டுச் சாப்பிட்டாள். காய்ச்சல், ரத்தசோகை இல்லையென்றால் கருத்தடை செய்யலாம். அப்புறம் ஊர்சுற்றலும் சண்டையும் குறையும். ஆனாலும் வெளியே விடாதீர்கள். ஆறு மாதத்துக்கொரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
மற்ற பூனைக்கும் பரிசோதனை செய்யுங்கள். எச்சில் வழியாகத்தான் அதிகம் பரவும். நெகட்டிவ் என்றால் தனி அறை, தனிக் கிண்ணம், தடுப்பூசி. கிண்ணத்துக்குச் சோப்பே போதும். மனிதருக்குத் தொற்றாது. மிளகுக்கும் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) செய்து உறுதிப்படுத்துங்கள்.

கேட்டவர்:
சரி, ஈரலை நிறுத்தியாச்சு. மிளகு என் முகத்தையே பார்ப்பதில்லை.