வியர்வை நின்றுபோன குதிரை: கத்திரி வெயிலில் என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கடலூர் அருகே கடலோரக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதம், அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில், ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த மார்வாரிப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். சென்ற கோடையில் அரை மணி நேரம் ஓட்டினாலே சேணத்தடியில் நுரை தள்ளும் அளவுக்கு வியர்த்தவள், இந்தக் கத்திரி தொடங்கியதிலிருந்து பிடரிக்கு அடியிலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் தவிர வேறெங்கும் ஈரம் காட்டுவதில்லை. நேற்று மாலை சிறிது தூரம் நடத்திவிட்டு நிழலில் கட்டினேன். ஒரு மணி நேரம் கழித்தும் மூக்குத் துளைகள் விரிய இரைத்துக்கொண்டே நின்றாள். நெற்றி முடி கொட்டி, தோல் தவிடுபோல் உதிர்கிறது. சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வதால் குளிப்பாட்டவும் தயங்குகிறேன். வழி சொல்லுங்கள்.

பதில் 1

ஐயா, விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். அதன் முனையில் நூல் கட்டி வாலோடு கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்விலிருக்கும் குதிரைக்கு வெப்பம் 99 முதல் 101.5 பாரன்ஹீட் வரையும், மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரையும் இருப்பதே இயல்பு.

கேட்டவர்

விடியலில் 100.6, மூச்சு 22. பிற்பகலில், லாயத்தில் சும்மா நின்றபோதே 103.1, மூச்சு 70.

பதில் 2 (கால்நடை மருத்துவர்)

நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் வியர்வை வற்றும் நோயையே காட்டுகின்றன. ஆயினும் நுரையீரல் தொற்றும் இவ்வாறு இரைக்க வைக்கும் என்பதால், நேரில் பரிசோதித்தே உறுதி செய்ய வேண்டும். கழுத்துத் தோலில், வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் டெர்பியூட்டலின் என்ற மருந்தை மிகச் சிறிதளவு ஊசியாகப் போட்டு, அவ்விடத்தில் வியர்வை துளிர்க்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது.

வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். கடலோரப் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் வழிந்துபோக, உடல் சூடு தணியாமலே இருக்க, சுரப்பிகள் ஓய்வின்றித் தூண்டப்பட்டு இறுதியில் பதில் தராமல் போகின்றன என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். புழுக்கமான ஊரிலேயே பிறந்து வளர்ந்த குதிரைக்கும் இது வரும். ஆகவே வாங்கியதைத் தவறென்று எண்ணாதீர்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு அஞ்சவே வேண்டாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், வெக்கையில் ஓடி வந்த குதிரைகள் மீது குளிர்ந்த நீரை ஊற்றித்தான் சூட்டைத் தணித்தார்கள். கழுத்து, மார்பு, விலா, தொடை எங்கும் விடாமல் ஊற்றுங்கள்; ஈரத் துணியைப் போர்த்தி மட்டும் வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். லாயத்தில் பெரிய மின்விசிறி வையுங்கள். விசிறியின் மின்கம்பி குதிரையின் வாய்க்கு எட்டக் கூடாது. தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள். தீவனத்தில் நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு சேர்த்து, தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கச் செய்யுங்கள். சவாரியை அடியோடு நிறுத்துங்கள். இந்நோயைத் தீர்த்துவிடும் என்று உறுதி சொல்லத்தக்க மருந்து எதுவும் இல்லாததால், விளம்பரப் பொடிகளுக்குப் பணம் செலவழிப்பதை நான் விரும்பவில்லை.

வெப்பம் 105-ஐத் தாண்டினாலோ, கால் தள்ளாடினாலோ, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமலே மருத்துவரை அழையுங்கள். அந்நேரத்தில் வாயில் எதையும் புகட்டாதீர்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

சோதனை செய்தார்கள், ஊசி போட்ட இடங்களில் ஓரிரு துளிகள் மட்டுமே துளிர்த்தன. நுரையீரலில் குறையில்லை என்றார்கள். நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்கிறோம். பிற்பகல் வெப்பம் இப்போது 101.4, மூச்சு 30. நேற்று முன்னிரவில் கழுத்தைத் தடவியபோது உள்ளங்கையில் பிசுபிசுப்பு ஒட்டியது. மீண்டும் ஓட்டலாமா?

பதில் 2 (கால்நடை மருத்துவர்)

இப்போது வேண்டாம். ஐப்பசியில் குளிர்ந்த பிறகு, விடியலில் பத்து நிமிட நடையிலிருந்து தொடங்குங்கள். அடுத்த கோடையில் இது திரும்பக்கூடும். வறண்ட உள்மாவட்டத்தில் தெரிந்தவர் லாயம் ஏதேனும் இருந்தால், பங்குனிக்கு முன்பே அங்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றுவதால் லாயத் தரை சகதியாகும். குளம்பின் அடிப்பிளவில் கருமையும் துர்நாற்றமும் தெரிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆதலால் குளிப்பாட்டும் இடத்தைக் கட்டும் இடத்திலிருந்து பிரித்து, நாள்தோறும் குளம்பைச் சுரண்டித் துடைத்து வாருங்கள்.