மீன் தொட்டிக்குள் கால் முளைத்த ஏதோ ஒன்று, என்ன இது?

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறேன். 26 டிகிரியில் ஓடும் டெட்ரா (சின்ன வெப்பமண்டல மீன்) தொட்டி. நண்பர் தோட்டக் குளத்திலிருந்து கொடுத்த செடியை உள்ளே போட்டிருந்தேன், இன்று பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒன்று இலை மேல் அசையாமல் நிற்கிறது, கழுத்தின் இரு பக்கமும் இறகு மாதிரி என்னவோ. தவளைக் குஞ்சா?

பதில் 1: முன்கால் இருக்கிறதா பாருங்கள். தலைப்பிரட்டைக்குப் பின்கால்தான் முதலில் வெளியே தெரியும், நியூட் (பல்லி மாதிரி வால் உள்ள, தவளைக்கு உறவான உயிரி) குஞ்சுக்கு முன்கால். அந்த இறகு வெளிச்செவுள். தாய் நியூட் முட்டைகளைத் தனித்தனியாக இலைக்குள் மடித்து வைக்கும், செடியை அலசினாலும் போகாது.

கேட்டவர்: ஆமாம், குச்சி மாதிரி இரண்டு முன்கால்!

பதில் 2: அப்போ உடனே பிரித்துவிடுங்கள். மீன்கள் செவுளைக் கொத்தும், இல்லையென்றால் முழுசாகவே விழுங்கிவிடும், அதோடு அந்தச் சூடும் அதற்கு ஆகாது. தொட்டித் தண்ணீரோடே ஒரு டப்பாவில் எடுத்து வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள், மெல்ல ஆறட்டும். உயிருள்ள டாப்னியா (நீர்த்தெள்ளுப்பூச்சி) போடுங்கள், ஃபிளேக் எனும் காய்ந்த செதில் உணவைச் சீண்டாது.

பதில் 3: கிரேட் கிரெஸ்டட் நியூட் என்ற பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். சாதாரண ஸ்மூத் நியூட்டாகத்தான் இருக்கும், ஆனாலும் உள்ளூர் வனவிலங்கு அமைப்புக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். அவர்கள் சொல்லாமல் குளத்தில் விடாதீர்கள், வெப்பமண்டல மீன் தொட்டியிலிருந்து நோய் போய்விடும்.