புதுப்பிப்பு: ஏற்காடு விடுதி விலான் சிக்கல் தீர்ந்தது

விருந்தினர் வைஃபையை விலான் 20-க்கு (விலான் என்றால் ஒரே ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) மாற்றியதும் ஐபி முகவரி கிடைக்கவில்லை, ஸ்விட்சின் 5-ஆம் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகினாலும் 169.254 என்றுதான் (ஐபி கிடைக்காதபோது லேப்டாப் தானே வைத்துக்கொள்ளும் முகவரி) வருகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, தீர்ந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஸ்விட்ச் பழுது என்று நினைத்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் புதிது வாங்கவே கிளம்பிவிட்டேன்!

அந்தப் போர்ட்டை விலான் 20-இல் அன்டேக்டாக (பாக்கெட்டில் விலான் எண்ணான டேக் இல்லாமல்) சேர்த்தவன், அதே போர்ட்டின் பிவிஐடி என்ற அமைப்பை 1-லேயே விட்டிருக்கிறேன். விலானில் எந்தெந்தப் போர்ட் என்ற உறுப்பினர் பட்டியல், போர்ட்டிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுக்கு. டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலானில் போடுவது என்பதை பிவிஐடிதான் முடிவு செய்யும். அதனால் லேப்டாப் ஐபி கேட்டு அனுப்பிய டிஎச்சிபி கோரிக்கை விலான் 1-க்குள் போய், பதில் இந்தப் போர்ட்டுக்குத் திரும்பவே இல்லை. பிவிஐடியை 20 ஆக்கினேன், உடனே ஐபி வந்தது. ரவுட்டர் போர்ட் டேக்டாகவே (விலான் எண்ணுடன்) இருக்கிறது, அதைத் தொடவில்லை. கேமராக்களுக்கு விலான் 30, அது அப்புறம்.