‘பார்க்கிறன்’ என்ற சொல்லும் ஆங்கில முன்னிடைச்சொற்களும்

2010 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கிளிநொச்சியில் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த நாட்களில், உதவி நிறுவனமொன்றின் தறப்பாள் கொட்டகையில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். ஒருநாள் தையல் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஓர் இளம்பெண் வந்தாள். சாதாரண தரம் வரை ஆங்கிலம் படித்திருந்த அவள், என் உதவியை நாடாமல் தானே பேச விரும்பினாள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வவுனியாவில் தங்கிப் படிக்க முடியுமா என்று வெளிநாட்டு உத்தியோகத்தர் கேட்டதற்கு, முடியாது என்று தலையசைத்துவிட்டு, “ஐ ஆம் லுக்கிங் ஃபோர் மை மதர்” என்றாள்.

உத்தியோகத்தரின் முகம் மாறிவிட்டது. பயிற்சி விண்ணப்பத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, லாச்சியிலிருந்து காணாமற்போனோர் படிவத்தை எடுத்து, தாயாரைக் கடைசியாக எங்கே கண்டாய் என்று தணிந்த குரலில் கேட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே, கட்டுப்போட்ட காலை நீட்டியபடி, அவளுடைய அம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

“நான் அம்மாவைப் பாக்கிறன்” என்றுதான் அவள் சொல்ல நினைத்திருந்தாள். நமது பேச்சில் பார்ப்பது என்றால் காண்பதும் ஆகும், பராமரிப்பதும் ஆகும். ஆங்கிலத்தில் ‘லுக்’ என்ற வினைக்குப் பின்னால் வரும் சிறு சொல்தான், அதாவது முன்னிடைச்சொல்தான், பொருளைத் தீர்மானிக்கிறது. ‘லுக் அட்’ என்றால் நோக்குவது, ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரிப்பது, ‘லுக் ஃபோர்’ என்றால் தேடுவது. அவள் ‘லுக் ஆஃப்டர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வேறொரு மாவட்டத்தில், வேறொரு ஆண்டில் இந்தப் பிழையைக் கேட்டவர் உடனே பிழையென்று உணர்ந்திருப்பார். அந்த ஆண்டில், அந்தக் கொட்டகையில், அது முற்றிலும் நம்பக்கூடிய ஒரு வசனமாக இருந்தது. அன்று காலை அதே வரிசையில் நின்ற பலர் உண்மையாகவே யாரையோ தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் இடையில் புகுந்து விளக்கியதும் உத்தியோகத்தர் எழுந்து சென்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நான் ஆங்கில ஆசிரியையாக வந்துவிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் முன்னிடைச்சொற்களைக் கற்பிக்கத் தொடங்கும்போது அந்தப் பெண்ணின் நினைவு வரும். எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது சோம்பலினால் அல்ல என்பதை அவளிடமிருந்துதான் அறிந்துகொண்டேன். அவர்கள் தமிழ் வேற்றுமை உருபைச் சரியாகவே கையாள்கிறார்கள், அதற்கு ஈடான ஒரே ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடுகிறார்கள், அப்படி ஒரு சொல் இல்லை என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை.

ஏழாம் வேற்றுமையின் ‘இல்’ உருபையே எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியில் இருக்கிறேன், ஏ9 வீதியில் நிற்கிறேன், பரந்தன் சந்தியில் இறங்குகிறேன் என்று மூன்று இடத்திலும் ஒரே உருபைப் போட்டுவிட்டுப் போகிறோம். ஆங்கிலமோ, நகரத்தை நம்மைச் சூழ்ந்த பரப்பாகக் கண்டு ‘இன்’ என்றும், வீதியை நீண்டு கிடக்கும் கோடாகக் கண்டு ‘ஒன்’ என்றும், சந்தியை ஒரு புள்ளியாகக் கண்டு ‘அட்’ என்றும் சொல்கிறது. இரணைமடுக் குளத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்கு இது இன்னும் விரைவாக விளங்குகிறது. குளத்தில் குளிப்பவர் தண்ணீருக்குள் இருப்பதால் ‘இன்’, குளத்தில் வள்ளம் மேற்பரப்பில் மிதப்பதால் ‘ஒன்’, “அப்பா எங்கே?” என்று கேட்டவருக்குக் “குளத்தில்” என்று மறுமொழி சொல்லும்போது, அவர் குளக்கட்டில் நின்றாலும் கரையில் வலை உலர்த்தினாலும், ‘அட்’.

ஒருமுறை தரம் 10 மாணவன் ஒருவன் தனது குடும்பம் இடம்பெயர்ந்த கதையைக் கட்டுரையாக எழுதியிருந்தான். உழவு இயந்திரத்தில் போனோம் என்பதற்கு ‘பை த ட்ராக்டர்’ என்று எழுதியிருந்தான். போக்குவரத்து முறையைச் சொல்வதானால் ‘பை ட்ராக்டர்’ என்று, இடையில் ‘த’ இல்லாமல் எழுத வேண்டும். ‘த’ வந்துவிட்டால் உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்ற பொருள் தொனித்து, அவர்கள் அதன் அருகே நடந்து போனதுபோல் ஆகிவிடும். இதைச் சொல்லிவிட்டு, யார் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். “அப்பா ரக்ரரில, நாங்கள் பெட்டியில, ரீச்சர்” என்றான். அப்பா ‘ஒன் த ட்ராக்டர்’, நீங்கள் ‘இன் த ட்ரெய்லர்’ என்று எழுதிக் காட்டினேன். ஆசனத்தின் மேல் அமர்பவருக்கு ‘ஒன்’, நான்கு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் இருப்பவருக்கு ‘இன்’. அவன் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, பெட்டியில் அரிசி மூட்டையும் கோழிக்கூடும் இருந்ததையும் சேர்த்து, அந்தப் பந்தியை மறுபடி எழுதிக்கொண்டு வந்தான். நான் திருத்திய கட்டுரைகளில் இன்றும் மனதில் நிற்பது அதுதான்.

இடத்தைக் காட்டும் சொற்களுக்கு இவ்வாறு ஒரு காரணத்தையாவது காட்ட முடிகிறது. வினையோடும் பெயரடையோடும் ஒட்டிவரும் சொற்களுக்குக் காரணம் தேடினால் நேரந்தான் போகும். யானைக்குப் பயம் என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதால் பிள்ளைகள் ‘அஃப்ரெய்ட் டு’ என்கிறார்கள், ஆங்கிலத்தில் அது ‘அஃப்ரெய்ட் ஒஃப்’. விளைச்சல் மழையில் தங்கியிருக்கிறது என்பதால் ‘டிபென்ட் இன்’ என்கிறார்கள், அது ‘டிபென்ட் ஒன்’. கணக்கில் கெட்டிக்காரி என்பது ‘குட் அட்’. யாழ்தேவி 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியபோது, புகையிரதத்தையே முதன்முதலாகக் கண்ட பிள்ளைகள் ஆசையோடு அதைப் பற்றி எழுதினார்கள். ‘அரைவ் டு’ என்பதே அநேகமான கொப்பிகளில் இருந்தது, ஏனெனில் நாம் நிலையத்துக்கு வந்து சேர்கிறோம். நிலையமாயின் ‘அரைவ் அட்’, நகரமாயின் ‘அரைவ் இன்’ என்று திருத்தினேன்.

இவற்றை வினை வேறு, முன்னிடைச்சொல் வேறு என்று பிரித்துப் படிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ‘டிபென்ட் ஒன்’ என்பதை ஒரே சொல்லாக வாயால் சொல்லி, ஒரே சொல்லாகக் கொப்பியில் எழுதி, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வசனமும் அமைத்துவிட வேண்டும். வெற்றிடம் நிரப்பும் பயிற்சிகளில் முழுப் புள்ளி எடுக்கும் பிள்ளைகள் பேசும்போது தடுமாறுவதற்கு, அந்தச் சொற்கள் அவர்களுக்கு எப்போதும் வெற்றிடக் கோட்டுக்குப் பக்கத்தில் தனித்தனியாகவே அறிமுகமாவதுதான் காரணம் என்பது எனது எண்ணம்.

எதுவும் போடக்கூடாத இடத்தில் போடுவதும் உண்டு. விடுமுறைக் கடிதத்தில் ‘சஃபரிங் ஃப்ரொம் ஃபீவர்’ என்பதை மனப்பாடமாகச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் விடுமுறை கேட்கும்போது ‘ரிக்வெஸ்ட் ஃபோர்’ என்கிறார்கள். ‘ரிக்வெஸ்ட்’ வினையாக நிற்கும்போது பின்னால் ‘ஃபோர்’ வேண்டியதில்லை, பெயராக நிற்கும்போதுதான் வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள் ‘பற்றி’ ஏற்கெனவே அடங்கியிருப்பதால் ‘எபௌட்’ சேர்ப்பதும் அத்தகையதே.

2016 இல் அயலில் இருந்த ஓர் அம்மா, காணாமற்போன மகனைப் பற்றிய கடிதத்தைப் புதிதாக எழுதித் தரும்படி வந்தார். முன்பு யாரோ எழுதிக் கொடுத்த பிரதியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அதில் ‘ஃபோர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் 5 ஆண்டுகள் என்று இருந்ததை நீல மையால் வெட்டி 6 ஆக்கியிருந்தார்கள். இப்போது அதை 7 ஆக்க வேண்டும் என்பதற்காகவே அவர் வந்திருந்தார். ‘ஃபோர்’ கால அளவைச் சொல்வதால், காலம் கூடக்கூட எண்ணும் மாற வேண்டும். ‘சின்ஸ்’ தொடங்கிய நாளைச் சொல்வது. ‘ஹாஸ் பீன் மிஸ்ஸிங்’ என்பதற்குப் பின்னால் அது நிற்கும்போது, அன்று தொடங்கியது இன்றும் தொடர்கிறது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. ‘சின்ஸ் மே 2009’ என்று எழுதி, அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இனி வருசா வருசம் மாத்தத் தேவையில்லையோ, பிள்ளை?”

“தேவையில்லை, அம்மா.”

அவர் பழைய பிரதியையும் புதியதையும் ஒன்றாக மடித்து, மகனின் படம் இருந்த பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு, படலையைச் சாத்திவிட்டுப் போனார்.