குர்திஸ்தான் எண்ணெய்: அந்த 16 டாலர் விலையா, முன்பணமா?

கணக்கன்:
"பீப்பாய்க்கு 16 டாலர் தருகிறார்கள், துருக்கிக்குப் போகும் குழாய்வழியும் திறந்துவிட்டது, இன்னும் எதற்கு முதலீட்டாளர்களின் ஒப்பாரி?" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. ஈராக்கின் வடக்கே உள்ள தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானில் எண்ணெய் எடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு பாக்தாத் அரசு தரும் 16 டாலர் விலை அல்ல, முன்பணம். 2025 பிப்ரவரியில் ஈராக் நாடாளுமன்றம் பட்ஜெட் சட்டத்தைத் திருத்தியபோது, வயல்வாரியாக உண்மைச் செலவை ஓர் ஆலோசனை நிறுவனம் கணக்கிடும்வரை உற்பத்திக்கும் போக்குவரத்துக்கும் இந்தத் தொகை என்றுதான் எழுதினார்கள். மீதி எப்போது வரும்? அதைத்தான் பங்குதாரர்கள் கேட்கிறார்கள்.

மருதம்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். முன்பு பாக்தாத் ஒப்புக்கொண்ட செலவு 8 டாலருக்கும் குறைவு. இப்போது 16. இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தும் போதவில்லையா? தெற்கு ஈராக்கின் ருமைலா வயலில் பிபி நிறுவனம் பீப்பாய்க்கு 2 டாலர் கட்டணத்துக்கு 2009-இல் கையெழுத்திட்டதே!

கணக்கன்:
பாதியைச் சொல்லி மீதியை விழுங்காதீர்கள். ருமைலாவின் 2 டாலர், செலவு முழுவதையும் திருப்பிக் கொடுத்த பிறகு அதற்கு மேல் தரும் கூலி. குர்திஸ்தானில் 16 டாலர் செலவுக்கே. அங்கே நிறுவனங்கள் போட்டது உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம்: அரசுக்கான உரிமத்தொகை போக, போட்ட செலவை ஈடுகட்ட ஓர் உச்சவரம்புக்குள் எடுத்துக்கொள்ளும் செலவு எண்ணெய், மிஞ்சியதில் லாபப் பங்கு. அந்த 16-உம் ரொக்கமாக வருவதில்லை. அதற்கு ஈடான கச்சா எண்ணெய் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்தில் ஒதுக்கப்பட்டு, ஒரு வணிகர் மூலம் விற்றுக் காசாகிறது. முன்பணம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

ஒஸ்லோவாசி:
நான் பங்கு வைத்திருப்பவன். பழைய பாக்கியை ஏன் இருவரும் பேச மறுக்கிறீர்கள்? 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை ஏற்றுமதியான எண்ணெய்க்குப் பணம் வரவில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 கோடி டாலர், நார்வே எண்ணெய் நிறுவனமான டிஎன்ஓவுக்கு மட்டும் சுமார் 30 கோடி. 2023 மார்ச்சில் மூடிய குழாய்வழி 2025 செப்டம்பர் 27-இல் திறந்தபோது அந்நிறுவனம் ஏற்றுமதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் உள்ளூர் விற்பனையையே தொடர்ந்தது. உள்ளூர் வியாபாரி முதலில் பணத்தைக் கட்டுகிறார், பிறகுதான் டேங்கர் லாரியில் எண்ணெய் ஏறுகிறது. விலை குறைவுதான், ஆனால் கடன் இல்லை.

மருதம்:
பங்கு வைத்திருப்பவர் வேறு எப்படிப் பேசுவார்? குர்திஸ்தானின் எண்ணெய்ச் சட்டமே செல்லாது என்று ஈராக் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் எண்ணெயை அனுப்பியது யார் குற்றம்? 16 டாலரே பெருந்தன்மை.

நெய்வேலியான்:
நிறுவனங்கள் காட்டும் செலவை அப்படியே நம்பச் சொல்கிறீர்களா, கணக்கன்? ஆந்திரக் கடலில் ரிலையன்ஸ் எரிவாயு எடுக்கும் கேஜி-டி6 படுகையில் உற்பத்தி குறைந்தபோது, நிறுவனம் போட்ட செலவைத் திரும்ப எடுக்கும் செலவு மீட்பில் நம் அரசே ஒரு பகுதியை மறுத்தது. 2016-இல், செலவைப் பார்க்காமல் வருவாயிலேயே அரசு பங்கு எடுக்கும் வருவாய்ப் பகிர்வு முறைக்கு மாறியதும் செலவுக் கணக்குச் சண்டை வேண்டாம் என்றுதான்.

கணக்கன்:
எங்கே எதைப் பேசினாலும் கேஜி படுகையை இழுத்துக்கொண்டு வருவது உங்கள் வழக்கம். பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான கெய்ர்ன் மீது இந்தியா போட்ட வரி விவகாரத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்து விவாதத்தைக் குலைத்தீர்கள். நான் மறக்கவில்லை. அங்கே நடுவர் மன்றத்தில் கெய்ர்ன்தானே ஜெயித்தது?

நெய்வேலியான்:
அதற்கும் செலவு மீட்புக்கும் என்ன சம்பந்தம்? அது முன்தேதியிட்ட வரி. பதில் இல்லாதபோதெல்லாம் பழைய கதையை எடுப்பவர் நீங்கள்தான்.

கணக்கன்:
பதில் மேலேயே இருக்கிறது, படிக்க மனம் வேண்டும். செலவை ஆலோசகர் சரிபார்க்கட்டும், ஊதியிருந்தால் வெட்டட்டும். அதற்குத்தானே அவரை அமர்த்தினார்கள்? அதுவரை 16 டாலரைக் கணக்குத் தீர்ந்த தொகையாகக் காட்டுவது முதலீட்டாளரை ஏமாற்றுவது. முன்பணத்தை விலை என்று சொல்லும் ஒருவர் எனக்குச் சட்டம் கற்பிக்க வேண்டாம்.

மருதம்:
விலை என்று நான் எந்த வரியில் எழுதினேன்? "தருகிறார்கள்" என்றேன். தருகிறார்களா, இல்லையா?

கணக்கன்:
முன்பணமாகத் தருகிறார்கள்.

மருதம்:
தருகிறார்கள். அவ்வளவுதான்.

ஒஸ்லோவாசி:
அந்த 100 கோடிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.